கமென்ட் மட்டும்

புள்ளி அக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தது யார் என்று கேட்டால் அந்த அலுவலகத்தில் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா அம்மா பார்த்துப் பார்த்து வைத்த பேர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி.

வயது நாற்பத்திரண்டு. ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள். "ஒன்பது வருஷமா அண்ணி சும்மாதானே இருக்காங்க" என்று நாத்தனார் சொல்வாள். அந்தச் சும்மாவுக்குள் இரண்டு பிள்ளைகள், மூன்று வீடு மாற்றம், மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் எல்லாம் அடக்கம். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்! பதினாறு இடத்தில் நேர்காணலுக்குப் போனாள். பதினாறு பேரும், "நடுவுல ஒன்பது வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள், அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினேழாவது இடம் இது. மூன்று மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இன்னொரு கதவைத் தட்ட அவளுக்குத் தெம்பு இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் புருஷனிடம்கூட.

அந்த அலுவலகம் எழுதிக்கொடுத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கான மென்பொருள். நோயாளி, கட்டில் மாறினாலும் தன்னோடு கூடவே வரும் கைமணியை அமுக்கினால், செவிலியர் மேசைக்கு மேலே தொங்கும் பலகையில் அவர் இருக்கும் கட்டிலின் எண் மின்ன வேண்டும். கேட்க இவ்வளவுதான். பின்னால் முன்னூற்றுச் சொச்சம் கோப்புகள். அத்தனையும் எழுதியவர் ஒரு பழைய ஆள். ஆறு வருஷத்துக்கு முன்பே வேறு தேசத்துக்குப் போய்விட்டார். மூளை என்னவோ கத்திதான். எழுத்து மட்டும், அடக் கடவுளே!

நிரல் எழுதுகிறவர்கள் கணினிக்கு ஒரு வரி எழுதுவார்கள், பின்னால் வரப்போகும் மனிதனுக்கு ஒரு வரி எழுதிவைப்பார்கள். மனிதனுக்கு எழுதுகிற வரிக்குக் கமென்ட் என்று பேர். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய ஆள் தன் கமென்ட்டை எல்லாம் தமிழில், வாயில் வந்தபடியே எழுதிவைத்திருந்தார். 'சர்வர் தூங்கிட்டா தட்டி எலுப்பனும்.' 'இந்த எடத்துல கை வெக்காதே, நான் வெச்சுட்டு ரெண்டு நாள் அலுதேன்.' 'கொலந்தை வார்டுக்கு வேற பளகை.' படித்தால் சிரிப்பு வரும். தமிழ் வாத்தியார் யாராவது படித்தால் மயக்கம் வரும்.

"சுருக்கமா சொல்றேன்" என்று ஆரம்பித்து முதல் நாள் மேனேஜர் முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல மனுஷன், வாய்தான் நீளம். "புதுசா வர்றவங்களை நேரா நிரல்ல இறக்க மாட்டோம். நீங்க முதல்ல இந்தக் கமென்ட்ல இருக்கற எழுத்துப்பிழையெல்லாம் திருத்துங்க. அப்படியே கோப்பெல்லாம் பழகின மாதிரியும் ஆகும். கமென்ட்ல கை வெச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவள் வயதில் பாதி. எல்லோர் விரலும் விசைப்பலகையில் ஓடுகிறது. இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று அவளுக்கே தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் கொடுத்த வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடித்தாள். வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்பக்கமாகப் படிப்பாள். நேராகப் படித்தால் அர்த்தம் புரிந்துவிடும். அர்த்தம் புரிந்தால் கண் பிழையைத் தாண்டி ஓடிவிடும். ஆகவே அர்த்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு வரி. தலையில் புள்ளி இல்லாத ஒரு மெய்யெழுத்துகூட அவளிடமிருந்து தப்பிக்காது. உண்மையைச் சொன்னால், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த அலுவலகத்தில் இரண்டு வழக்கம். யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' அழுத்தின பிறகுதான் அது ஆஸ்பத்திரிக்குப் போகும். வெள்ளிக்கிழமை எதுவும் போகாது. சனி ஞாயிறில் ஏதாவது உடைந்தால் ஓடிவர ஆள் இல்லை. இந்த இரண்டுக்கும் ஒரே விலக்கு: மாற்றங்களைக் கட்டி அனுப்பும் மூட்டையின் மேல் 'கமென்ட் மட்டும்' என்று எழுதியிருந்தால் எந்தக் கிழமையும் போகலாம். அதைப் படிக்க யாரும் மெனக்கெடுவதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு 'சரி'.

அவளுடைய பன்னிரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அவசரம் அவள் மேசைக்கு வந்து நின்றான். அவசரம் என்பது அவனுடைய பட்டப்பேர். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறவன். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

"அக்கா, ஒரு உதவி."

"சொல்லு தம்பி. முகமே சரியில்லையே, வலி எடுத்துடுச்சா அவளுக்கு?"

"இல்லக்கா. எப்ப வேணா எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். திங்கள்ல இருந்து நான் லீவு. மணி அடிச்சு மூணு விநாடி கழிச்சுத்தான் பலகையில எண் வருதுன்னு சிஸ்டர் ஒரு மாசமா திட்டறாங்க. போறதுக்குள்ள சரி பண்ணிடறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். எழுதியாச்சு, ஓட்டியும் பார்த்தாச்சு. ஒரே ஒரு வரி."

"வெள்ளிக்கிழமையாச்சே?"

"அதான்..." தலையைச் சொறிந்தான். "உங்க மூட்டையில போட்டுடுங்களேன்."

அவள் மறுத்திருக்கலாம். மறுத்திருக்க வேண்டும். ஆனால் முதல் வாரம் எதைத் தொட்டாலும் புரியாமல் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் இது புரிய ஒரு மாசம் ஆச்சுக்கா" என்று கூசாமல் பொய் சொல்லி எல்லாம் கற்றுக்கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் எந்த வாயால் முடியாது என்று சொல்வது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகளோடு அவனுடைய ஒரு வரியும் மூட்டைக்குள் போனது. நாலு பதினொன்றுக்கு அனுப்பினாள். நாலு பன்னிரண்டுக்கு மேனேஜரின் 'சரி' வந்தது.

திங்கள் காலை அவள் பையை மேசையில் வைக்கும்போதே மேனேஜர் வந்து நின்றார். அன்றைக்கு "சுருக்கமா" என்ற பீடிகை இல்லை. நிஜமாகவே சுருக்கமாகச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டிலில் இருந்த ஒரு பெரியவரைப் பத்தொன்பதாம் கட்டிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் கழிவறைக்குப் போக வேண்டும் என்று மணி அடித்திருக்கிறார். பலகையில் ஏழு என்று மின்னியது. செவிலி ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழாம் கட்டில் காலி. மணி கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி மின்னியது, மறுபடி அணைத்தாள். இருபது நிமிஷம் பார்த்துவிட்டுப் பெரியவர் தானே எழுந்து நடந்திருக்கிறார். விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"அந்தக் கோப்புல கடைசியாக் கை வெச்சது யாருன்னு பார்த்தேன்," என்றார். "உங்க பேர் நிக்குது."

அவசரத்தின் பேர் நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை பெறும் வீட்டில் இருக்கிறவனை எப்படி இழுப்பது?

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க சார். பார்த்துட்டு வந்து சொல்றேன்."

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. கைபேசி அடித்தது. அவசரம்தான், பிரசவ வார்டு நடைபாதையிலிருந்து பேசினான். "பொண்ணுக்கா, நேத்து காலைல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றவன் அடுத்த மூச்சில் உடைந்துவிட்டான். "அந்தப் பெரியவர் விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. என் வரிதான்க்கா. மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டேன், நான் கேட்டுத்தான் நீங்க போட்டீங்கன்னு. உங்கமேல ஒண்ணும் வராது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. என்ன மனுஷி நான், அங்கே ஒருத்தருக்குக் கை முறிந்து கிடக்கிறது!

மேனேஜர் திரும்பி வந்தார். இப்போது குரலில் கடுமை இல்லை. "மூட்டையில சேர்த்தது தப்புதான். ஆனா நீங்க புதுசு, அவன் பழைய ஆள், கேட்டான், செஞ்சீங்க. அதோட விட்டுடறேன். பழைய வரியை நான் திரும்பப் போட்டுட்டேன். வியாழக்கிழமை உங்க மூணு மாசம் முடியுது. நிரந்தரக் கடிதம் என் மேசையில ரெடியா இருக்கு, பயப்படாதீங்க. பதினோரு மணிக்கு வார்டு சிஸ்டர் வர்றாங்க. என்ன மாறுச்சுன்னு சுவர்ல போட்டுக் காட்டணும், அந்த இடத்தை மட்டும் எடுத்து வெச்சிருங்க."

எடுத்தாள். திரையின் இடப்பக்கம் பழைய கோப்பு, வலப்பக்கம் புதியது. கீழே அவசரத்தின் வரி. அதற்கு நேர் மேலே ஒரு கமென்ட். அதிலும் ஒரு மாற்றம், அது அவளுடையது. 'மனி'யை மணி ஆக்கியிருந்தாள். 'எண்னை'யை எண்ணை ஆக்கியிருந்தாள். 'பலய'வைப் பழைய ஆக்கியிருந்தாள். திருத்தியது ஞாபகம் இருந்தது. 'பலய'வைப் பார்த்து லேசாகச் சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது.

இப்போது முதன்முறையாக அந்தக் கமென்ட்டை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை படித்தாள்.

'மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஆள் எந்தக் கட்டில்ல இருக்கார்னு கேட்டுட்டுத்தான் எண்ணைக் காட்டணும். லேட் ஆகும். ஆகட்டும். ஒருதடவை கேட்டு ஞாபகம் வெச்சுக்கிட்டா வேகமாத்தான் இருக்கும். ஆனா ஆளைக் கட்டில் மாத்தினா மணி பழைய கட்டிலுக்கே போகும். அங்க யாரும் இருக்க மாட்டாங்க.'

அவசரத்தின் வரி செய்தது அதையேதான்: கட்டில் எண்ணை ஒருதடவை கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வது.

அவசரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அவனைப் போன்றவர்கள் கமென்ட்டை எல்லாம் திரையில் மடக்கி மறைத்து வைத்திருப்பார்கள், கண்ணுக்கு இடைஞ்சல் என்று. அவன் இதைப் பார்த்தே இருக்க மாட்டான். பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான். எழுத்து எழுத்தாகப் பார்த்தவள். பார்த்து, துடைத்து, புள்ளி வைத்து, அதே கையால் அதன் கீழே அந்த வரியையும் போட்டு அனுப்பியவள்.

இது வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் போவதில்லை. கமென்ட்டை யார் படிக்கப் போகிறார்கள்? சுவரில் காட்டும்போது திரையை இரண்டு வரி மேலே தள்ளினால் போதும். அவசரத்தின் வரி மட்டும் தெரியும், கமென்ட் மறைந்துவிடும். தள்ளிப் பார்த்தாள். சுத்தமாக மறைந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்து கூட்ட அறைக்குப் போனாள். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அவளும் மனுஷிதானே.

வார்டு சிஸ்டர் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். ஐம்பது தாண்டிய வயது, நாளெல்லாம் நின்று நின்று வீங்கிய கால், தண்ணீர் கொடுத்தால் குடிக்காமல் ஓரமாக நகர்த்தி வைக்கிற கோபம். மேனேஜர் சுவரில் தெரிந்த வரியைக் காட்டி விளக்கினார். சிஸ்டர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"எனக்கு இது ஒண்ணும் புரியல," என்றார் பிறகு. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்படி ஆகும்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியல?"

"இது கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம் சிஸ்டர்," என்றார் மேனேஜர். "யாராலயும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது."

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அறையில் இருந்தவர்களில் அதைப் பொய் என்று அறிந்தவள் சுட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடிதம் வேண்டும் அவளுக்கு. எவ்வளவு வேண்டும் என்று அந்த நிமிஷத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. ஆனால் எதிரே அந்த அம்மாள் இன்னும் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்.

திரையை இரண்டு வரி கீழே இறக்கினாள்.

"சொல்லியிருக்காங்க சிஸ்டர்," என்றாள்.

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார், மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. 'ஆகட்டும்' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். 'அங்க யாரும் இருக்க மாட்டாங்க' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"எனக்கே புரியுதே," என்றார். "இதுல என்ன டெக்னிக்கல்? யார் எழுதினது?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்த ஒருத்தர்."

"இதை யாருமே படிக்கலையா?"

"நான் படிச்சேன். போன வாரம். மூணு எழுத்துப்பிழை இருந்துது. திருத்தினேன்."

"திருத்தினீங்க. அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வரிக்குப் போயிட்டேன்."

மேனேஜர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்திருந்தால் பழி முழுவதையும் அங்கேயே அவள் தலையில் கட்டியிருக்கலாம். பிறகு யாரும் கேட்காமலே, "முன்னூத்திப் பன்னெண்டு கோப்பு. நான் ஒரு நிமிஷத்துல சரின்னு அடிச்சிருக்கேன்" என்றார். சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பு சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். கோபம் எங்கேயோ போய், வெறும் களைப்புத்தான் முகத்தில் மிச்சம் இருந்தது. "அவர் என்னை விடாம கேக்கறார், ஏன் யாரும் வரலன்னு. மெஷின் கோளாறுப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன். நம்பின மாதிரி தெரியல. இப்ப நான் போய் என்னத்தைச் சொல்ல?"

"நான் வந்து சொல்றேன் சிஸ்டர்," என்றாள் புள்ளி அக்கா.

மாடிப்படியில் மேனேஜர் அவளை நிறுத்தினார். "அந்தக் கடிதம் இப்போதைக்கு நிக்கட்டும். இன்னும் ஒரு மூணு மாசம் பார்ப்போம். அதுக்குமேல என்னால உறுதி சொல்ல முடியாது." பிறகு தாங்காமல் கேட்டார். "சும்மா இருந்திருக்கலாமே, ஏன் சொன்னீங்க?"

"அவங்க கேட்டாங்களே சார்," என்றாள்.

பத்தொன்பதாம் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம். ஒரு கையால் உரிக்க வரவில்லை. அவள் அதை வாங்கி உரித்துக் கொடுத்தாள்.

"யாரும்மா நீ, புது டாக்டரா?"

"இல்லப்பா. இந்த மணியை வேலை செய்ய வைக்கிற ஆபீஸ்ல இருக்கேன். நீங்க அடிச்சது வேற கட்டிலுக்குப் போயிடுச்சு. அப்படிப் போகும்னு முன்னாடியே ஒருத்தர் எழுதி வெச்சிருந்தார். நான் அதைப் பார்த்தும் என்னன்னு கவனிக்கல. மெஷின் கோளாறு இல்லப்பா. எங்க தப்பு, என் தப்பும்."

அழுது கெடுத்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டாள்.

பெரியவர் ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல்ல மெதுவாத்தான்மா அடிச்சேன்," என்றார். "தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு. அப்புறம் கொஞ்சம் அழுத்தி அடிச்சேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். பின்னால யாராவது மணி அடிச்சா நிறுத்தணும். மழையா இருந்தாலும் நிறுத்தணும், லேட்டா இருந்தாலும் நிறுத்தணும். ஒருதடவைகூடத் தாண்டிப் போனதில்ல. அதான் எழுந்திருக்காம அடிச்சுக்கிட்டே இருந்தேன், எப்படியும் வந்துடுவாங்கன்னு."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர்க்கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

"அட, அழாதம்மா. இப்ப சரியாயிடுச்சா அது?"

"ஆயிடுச்சுப்பா."

"நிச்சயமா?"

அவள் தலையாட்டினாள். பெரியவர் சுளையைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையை நீட்டி மணியை ஒருதரம் அமுக்கினார். இரண்டு பேரும் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நடைபாதையில் வேகமான காலடிச் சத்தம் கேட்டது. ஒரு செவிலி நேராகப் பத்தொன்பதாம் கட்டிலுக்கு வந்து நின்றாள்.

"என்னப்பா, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா," என்றார் பெரியவர். "வர்றீங்களான்னு பார்த்தேன்."